தலைகீழ் மலையில் ஒரு நாள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "சிப் தொழிற்சாலையில்தானே வேலை பார்க்கிறாய், அதைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் பாயசத்துடன் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்த ஹாலில் சிலிக்கனைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதே ஹாலில் எத்தனை கெஸ்ட் லெக்சருக்கு நான் தூங்கியிருக்கிறேன்! அதனால் பேரம் பேசினேன். "ஒரே நாளில் 26 கிலோமீட்டர் நடந்த கதையைச் சொல்கிறேன், இன்ஜினியரிங் அதற்குள்ளேயே வரும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

நான் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில். பாலைவனம். அங்கிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் போனால் கிராண்ட் கேன்யன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், மாமனார் மாமியார் வந்தால், ஒரு சனிக்கிழமை புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது. விளிம்பில் நின்று "அடேயப்பா" என்று சொல்ல வேண்டியது. கம்பியைப் பிடித்தபடி ஒரு போட்டோ, பார்க்கிங்கில் உட்கார்ந்து புளியோதரை, இருட்டுவதற்குள் வீடு. நானும் இப்படி ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கீழே, ரொம்பக் கீழே, ஒரு கோடு மாதிரி பாதை தெரியும். அதில் எறும்பு மாதிரி யாரோ போவார்கள். யார் இவர்கள், எங்கே போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே எத்தனை வருஷம்தான் புளியோதரை சாப்பிடுவது?

இடத்தின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலராடோ ஆறு வெட்டிய பள்ளம் அது. நீளம் 446 கி.மீ., அகலம் சில இடங்களில் 29 கி.மீ., ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். ஆறு இதை வெட்ட எடுத்துக்கொண்டது சுமார் 50, 60 லட்சம் வருஷம். வெட்டப்பட்ட பாறையின் வயது வேறு கதை. விளிம்பில் நாம் மிதிக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு 27 கோடி வருஷம். அடியில் ஆற்றங்கரையில் இருக்கும் கறுப்புப் பாறைக்கு ஏறக்குறைய 175 கோடி வருஷம். அந்த அடிப் பாறைக்குப் பெயர் என்ன தெரியுமா? விஷ்ணு. நிஜமாகத்தான். 'விஷ்ணு ஷிஸ்ட்' என்றுதான் ஜியாலஜி புத்தகத்தில் இருக்கும்.

பள்ளத்துக்குள் கோபுரம் கோபுரமாகத் தனிக் குன்றுகள் நிற்கின்றன. 1880களில் அங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளருக்கு அவை கீழ்த்திசைக் கோயில்களாகத் தெரிந்தன. விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்களும் அதே வழியில் பிரம்மா, புத்தர், மனு, கிருஷ்ணர், ராமர் என்று வைத்துக்கொண்டே போனார்கள். நடுவில் ஜொராஸ்டருக்கும் ஒன்று உண்டு. எந்தக் கோயிலிலும் அர்ச்சகர் கிடையாது, உண்டியலும் கிடையாது.

சரி, நடைக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர். ஒருவர் நம் கல்லூரியில் எனக்கு நாலு வருட சீனியர், சிவில். ஹாஸ்டலில் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தவர், இன்றைக்கும் அண்ணாதான். இன்னொருவர் என் டீமில் இருக்கும் பெண் இன்ஜினியர், திருநெல்வேலிக்காரர். எங்கள் மூவரில் அவருக்குத்தான் நல்ல நடைப்பழக்கம். ஃபீனிக்ஸ் நகருக்குள்ளேயே கேமல்பேக் என்று ஒரு குன்று இருக்கிறது, ஒட்டகத் திமில் மாதிரி. இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அதில் ஏறி இறங்கிப் பழகினோம். நாள் குறித்தது அக்டோபர் நடுவில். ஜூன், ஜூலையில் அடிவாரத்தில் நிழலிலேயே 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது நடப்பது வீரத்தில் சேராது.

ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்பி ஏறுவதைச் செய்யாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் பலகை வைத்துச் சொல்கிறது. ஒருவன் குனிந்து வாந்தியெடுக்கிற படம் போட்ட பலகைகூட உண்டு. அதை மதிக்க வேண்டும். அக்டோபர், இரண்டு மாதப் பயிற்சி, தலைவிளக்கு, வேண்டிய உப்பு, இருட்டினால் என்ன செய்வது என்ற திட்டம், இத்தனையும் சேர்த்துத்தான் நாங்கள் போனோம். இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகள் யாராவது அடுத்த வருஷம் எம்.எஸ். படிக்கப் போய், "அண்ணன் சொன்னாரே" என்று ஜூன் மாதம் ஒரு பாட்டில் தண்ணீரோடு இறங்கினால் நான் பொறுப்பில்லை.

மலை ஏறுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. கஷ்டம் முதலில் வந்துவிடும். பாதியில் மூச்சு முட்டினால் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். காலையில், குளிரில், புது உடம்போடு, விறுவிறுவென்று இறங்குகிறோம். காட்சி வேறு கண்ணைப் பறிக்கிறது. பாதை நம்மைப் பாராட்டிக்கொண்டே கூட்டிக்கொண்டு போகிறது. செலவு முழுக்க மத்தியானத்துக்குமேல், களைத்த கால்களோடு, சூடு ஏறிய பிறகு. இறங்க ஆன நேரத்தைப்போல ஏற இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆகவே தண்ணீர், சாப்பாடு, கால், மூன்றிலும் மூன்றில் ஒரு பங்குதான் இறக்கத்துக்கு.

அண்ணா இதை பஸ்ஸிலேயே எங்களுக்குப் பாடமாக நடத்திவிட்டார். நாங்கள் இறங்கிய பாதையின் தலைப்புக்குச் சொந்தக் கார் போக முடியாது. விடியற்காலையில் நடப்பவர்களுக்கென்று ஒரு பஸ் விடுகிறார்கள். வெளியே 2 டிகிரி குளிர். பஸ் முழுக்கக் குல்லாய்கள். அண்ணா மட்டும் பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு இந்த நடையே அந்தப் பாலத்துக்காகத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

தெற்கு கைபாப் பாதை. 2,213 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. 6.15க்கு விளக்கோடு இறங்க ஆரம்பித்தோம். அரை மணியில் வெளிச்சம் வந்துவிட்டது. முதலில் எதிர்க்கரையின் உச்சி சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு ஒவ்வொரு அடுக்காகக் கீழே இறங்கியது. பிரம்மாவும் ஜொராஸ்டரும் எதிரே பளிச்சென்று நின்றார்கள். இந்தப் பாதை ஒரு முதுகெலும்பு மாதிரி மேட்டு விளிம்பிலேயே போவதால் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும். அழகுக்குக் குறைவில்லை. நிழல் அரிது, தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஆறு வரைக்கும் குழாய் இல்லை, ஊற்று இல்லை. நாம் சுமப்பதுதான்.

வழியில் கோவேறு கழுதைகள் மேலேறி வந்தன. கீழே இருக்கும் விடுதிக்குச் சாமான் போவதெல்லாம் அவற்றின் முதுகில்தான். அவை வரும்போது நாம் மலைப்பக்கம் ஒட்டிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் சொல்வதுதான் சட்டம். நெல்லைக்காரப் பெண் மெதுவாகச் சொன்னார்: "இவங்களுக்கு மட்டும் ரிட்டர்ன் டிக்கெட் டெய்லி."

4.8 கி.மீ. இறங்கியதும் 'எலும்புக்கூடு முனை' என்று ஓர் இடம். பெயர் அப்படி, பயப்பட ஒன்றுமில்லை. அங்கேதான் முதன்முதலாக ஆறு கண்ணுக்குத் தெரியும், கீழே பச்சை நூல் மாதிரி. மணி 8. உட்கார்ந்து ஆளுக்கு நாலு வாய் புளியோதரை சாப்பிட்டோம். அண்ணா சாப்பிடவில்லை. வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து பத்து அடி இறங்கினார். திரும்பி வந்தார்.

"நான் இங்கேயே திரும்புறேன்டா."

"ரொம்ப வலியா அண்ணா?"

"இப்ப ரொம்ப இல்லை. அதனாலதான் இப்பவே திரும்புறேன்."

நாங்கள் இருவரும் அவரோடு திரும்புவதாகச் சொன்னோம். அதெல்லாம் வேண்டாம் என்றார். பாதையில் ஆள் நடமாட்டம் நிறைய இருந்தது, வெயில் ஏறவில்லை, அவரிடம் மூன்று லிட்டர் தண்ணீர் அப்படியே இருந்தது. மெதுவாக ஏறினால் 11 மணிக்குள் மேலே போய்விடலாம். ஏறும்போது முட்டி வலிக்காது, இறக்கத்தில்தான் வலிக்கிறது என்பதையும் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார். எல்லாம் கணக்காக இருந்தது. ஆனால் ஆறு கண்ணுக்குத் தெரிந்த அந்த நிமிஷத்தில், பத்து வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட பாலம் இன்னும் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும்போது, அந்த மனிதர் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏறியதை நான் மறக்க மாட்டேன். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "ஆங்கரேஜை போட்டோ எடு. செல்ஃபி எடுத்துட்டு வந்துடாதே."

இந்தப் பூங்காவில் வருஷத்துக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்கள். தாத்தா பாட்டிகள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நினைப்போம். பெரும்பாலும் மாட்டுவது 18க்கும் 40க்கும் இடைப்பட்ட, நல்ல திடகாத்திரமான ஆண்கள் என்று பூங்காக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். அதாவது இந்த ஹாலில் பாதி. 1996 கோடையில் வெப்பத்தால் பலர் இறந்த பிறகு, 1997 முதல் பாதையிலேயே ஆட்களை நிறுத்தி, இறங்குகிறவர்களை மடக்கி, "எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எங்கே போகிறாய்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இறங்கிப்போய்த் தூக்கி வருவதைவிட மேலேயே நாலு வார்த்தை பேசுவது மலிவு.

எலும்புக்கூடு முனைக்குக் கீழே பாதை செங்குத்தாக வளைந்து வளைந்து செங்கற்சுவர் மாதிரி ஒரு பாறை அடுக்கை இறங்குகிறது. 'செஞ்சுவர்ச் சுண்ணாம்புக்கல்' என்று பெயர். உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்! மேலே இருக்கும் அடுக்குகளிலிருந்து இரும்புத் துரு மழையில் கழுவி வந்து பூசிய வண்ணம்தான் அந்தச் சிவப்பு. கோடிக்கணக்கான வருஷப் பெயிண்டிங் கான்ட்ராக்ட்.

9.45க்குப் பாலம். பாறையைக் குடைந்த ஒரு சிறு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் நேராகப் பாலத்தின் மேல் நிற்கிறோம். 1928இல் கட்டியது. நீளம் 134 மீட்டர், தொங்குபாலம். இதைப் பார்த்து அசந்துபோக நீளத்தில் ஒன்றும் இல்லை. அண்ணா பஸ்ஸில் சொன்ன கதைதான் விஷயம். எஃகுத் தகடு, விட்டம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகக் கோவேறு கழுதை மேல் ஏற்றலாம். பிரதான வடக்கயிற்றைத் துண்டு போட முடியுமா? ஒவ்வொரு வடமும் 550 அடி நீளம், ஏறக்குறைய ஒரு டன் எடை. சுருட்டி ஒரு கழுதை மேல் வைக்கவும் வழியில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 42 ஆட்களை வரிசையாக நிறுத்தி, வடத்தை நீளவாக்கில் விரித்து, தோள்மேல் வைத்து, அந்த வளைவுப் பாதை முழுக்க நடத்திக் கூட்டிவந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 23 கிலோ, நாலு மீட்டருக்கு ஓர் ஆள். நம் ஊர்த் தேர் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாட வீதிக்குப் பதில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. ஓர் ஆள் கால் இடறினால் முன்னும் பின்னும் இருப்பவன் தோளில்தான் அது இறங்கும். ஒரு தடவை இல்லை, எட்டு வடம்!

அந்த 42 பேரில் பெரும்பாலோர் ஹவாசுபாய் பழங்குடியினர். அந்தப் பள்ளத்தாக்கே அவர்கள் மண். பெயருக்கு நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள் என்று அர்த்தம். அவர்களைப் பற்றி இன்னொரு செய்தி, ஏறும்போது வரும்.

ஆறு குளிர்ந்து பச்சையாக ஓடியது. கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் செந்நிறம் என்று பொருள். ஒரு காலத்தில் செம்மண் குழம்பாக ஓடிய ஆறுதான். மேலே க்ளென் கேன்யன் அணையில் 1963இல் தண்ணீரைத் தேக்க ஆரம்பித்த பிறகு, வண்டலெல்லாம் அங்கேயே தங்கிவிடுகிறது. பெயர் சிவப்பு, தண்ணீர் பச்சை.

அக்கரையில் ஃபான்டம் ராஞ்ச். 1922இல் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்த விடுதி. ஓடையும் மரங்களும் கல் குடில்களுமாக அந்த இடத்தில் எதிர்பார்க்கவே முடியாத ஒரு ஊர். அங்கே கார்டு வாங்கி எழுதிப் போட்டால் கழுதை மேல் மேலே போய்ச் சேரும். "பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கோவேறு கழுதையில் வந்தது" என்று முத்திரையே குத்துகிறார்கள். அம்மாவுக்கு ஒன்று போட்டேன். எலுமிச்சை சர்பத் குடித்தோம். கால்களை ஓடையில் வைத்தோம். 28 டிகிரி, இதமாக இருந்தது. அங்கேதான் நிறையப் பேர் "சாதித்துவிட்டோம்" என்று கைகுலுக்கிப் படுத்துக்கொள்கிறார்கள். நெல்லைக்காரப் பெண் மணியைப் பார்த்தார். 11. "இனிமேத்தான் நம்ம எக்ஸாமே. கெளம்புவோம்."

திரும்பும் வழி வேறு பாதை, பிரைட் ஏஞ்சல். 15 கி.மீ., ஏற்றம் 1,330 மீட்டர். ஆற்றைத் தாண்ட இன்னொரு பாலம், வெள்ளிப் பாலம். நடைத்தளம் கம்பி வலை, கீழே ஆறு தெரியும். அதனால் கழுதைகள் இதில் போவதில்லை, புத்திசாலிகள். இந்தப் பாலத்தின் அடியில்தான் ஒரு குழாய் போகிறது. இன்ஜினியர்கள் குனிந்து பார்க்க வேண்டிய குழாய்.

தெற்கு விளிம்பில் லட்சக்கணக்கான பேர் கை கழுவுகிறோமே, அந்தத் தண்ணீர் எதிர்க்கரையில் பாறையிலிருந்து கொட்டும் ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. 1965க்கும் 1970க்கும் இடையில் 20 கிலோமீட்டர் அலுமினியக் குழாய் போட்டு, பள்ளத்தில் இறக்கி, ஆற்றைத் தாண்டவைத்து, இக்கரையில் பாதி வழி வரை அதன் சொந்த அழுத்தத்திலேயே ஏற்றுகிறார்கள். அங்கிருந்து பம்ப். தலைகீழ் சைஃபன், நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் பத்து மார்க் கேள்வி. ஆனால் குழாய் கிழடாகிவிட்டது. 2010க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிய உடைப்பு. 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து நாலு உடைப்பு ஏற்பட்டு, பெரிய விடுமுறை வார இறுதியில் தெற்கு விளிம்பு ஓட்டல்களில் யாரும் இரவு தங்கக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மாற்றிப் போடும் வேலை 2023இல் தொடங்கியது, மதிப்பு 20 கோடி டாலருக்கு மேல். மேலே ஓட்டல் அறையில் ஷவரைத் திறப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. நானும் கீழே நடந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் தெர்மோடைனமிக்ஸ் எடுத்த ஸார் முன்வரிசையில் இருப்பதால் ஒரு சின்னக் கணக்கு. நானும் என் பையும் சேர்ந்து 82 கிலோ. 1,330 மீட்டர் ஏற்ற வேண்டிய வேலை சுமார் 256 கிலோ கலோரி. மனித உடம்பின் எஃபிஷியன்சி தாராளமாகப் போட்டாலும் 25 சதவீதம். அப்படியென்றால் செலவு ஆயிரத்துக்கு மேல், அதில் முக்கால் பங்கு, அதாவது 770 கிலோ கலோரி, வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். லிட்டருக்கு 580 என்று வையுங்கள், 1.3 லிட்டர். இது தூக்குகிற வேலைக்கு மட்டும். வெயில், தூரம், நாள் முழுக்க நடை எல்லாம் தனி. சென்னையில் என்றால் சட்டை நனைந்து நமக்கே தெரியும். பாலைவனக் காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாது, சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் இருக்கும். போனது தண்ணீர் மட்டும் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சில்லரைப் பேச்சில் எல்லோரும் "நிறையத் தண்ணி குடி" என்கிறார்கள். உப்பு போடாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு, மரணமும் உண்டு. 1990களில் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்தவர்களை வைத்தே மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

'பிசாசின் திருகாணி' என்ற வளைவுகளில் ஏறி முடித்ததும் ஒரு குறுகிய இடுக்கு. அங்கே பழுப்பு மணற்கல் அடுக்கு, விஷ்ணுவின் கறுப்புப் பாறைமேல் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. மேலே 50 கோடி வருஷம், கீழே 170 கோடி வருஷம். நடுவில் இருந்திருக்க வேண்டிய 120 கோடி வருஷப் பாறை அரித்துப்போய்விட்டது. அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரில் பக்கத்தையே காணோம். ஒரு விரலை அந்தக் கோட்டில் வைத்து நின்றேன். விரலின் அகலத்துக்குள் அத்தனை காலம்.

1.45க்கு ஹவாசுபாய் தோட்டம். ஊற்றும் பெரிய பெரிய காட்டன்வுட் மரங்களும் நிழலும். தலைமுறை தலைமுறையாக ஹவாசுபாய் மக்கள் அங்கே பயிர் வைத்திருந்தார்கள். பூங்கா வந்த பிறகு அவர்களை வெளியேற்றினார்கள். கேப்டன் பர்ரோ என்று அழைக்கப்பட்ட கடைசிக் குடியிருப்பாளரை அங்கிருந்து துரத்தியது எந்த வருஷம் தெரியுமா? 1928. பாலத்துக்கு வடம் சுமந்த அதே 1928. அந்த இடத்துக்கு வெகுகாலம் 'இந்தியன் கார்டன்' என்றுதான் பெயர். அந்த மக்கள் கேட்டு, 2022 நவம்பரில்தான் ஹவாசுபாய் தோட்டம் என்று மாற்றினார்கள். 1975இல் ஒரு சட்டம் போட்டு, மேட்டுநிலத்தில் சுமார் 1,85,000 ஏக்கர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இந்தத் தோட்டம் அதில் இல்லை. நம் பாடப் புத்தகத்தில் பாலத்துக்கு டிசைனர் பெயர் இருக்கும், ஸ்பான் இருக்கும், லோடு இருக்கும். தூக்கி வந்தவன் வீடு என்னாயிற்று என்ற காலம் அட்டவணையில் இருக்காது.

அங்கே மர நிழலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும், பார்த்தால் விளையாட்டு வீரன். நண்பர்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்களாம். இரண்டு தடவை வாந்தியெடுத்திருந்தான். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்துக்கொண்டே இருந்தான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் காலையில் ஒரு ஆப்பிள். எத்தனை லிட்டர் குடித்தாய் என்றால் யோசித்தான், வேறு ஏதோ பதில் சொன்னான். எந்த ஊர் என்று கேட்டதற்கும் சம்பந்தமில்லாத பதில். அதைக் கேட்டதும் நெல்லைக்காரப் பெண் பாட்டிலை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க ஓடுங்க, ரேஞ்சரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ரேஞ்சர் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. நான் திரும்பி வரும்போது அவர் தன் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காயில் ஒரு துண்டை அவனைச் சப்பவைத்துக்கொண்டிருந்தார். அவன் முகம் போன போக்கு! ரேஞ்சர் அம்மையார் வந்து முதலில் கேட்டது, தண்ணீர் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, சிறுநீர் போனானா என்றுதான். பிறகு டப்பாவை மோந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். விளக்கினோம். தலையை ஆட்டினார். பையனைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். இனி எங்கள் பொறுப்பு, நீங்கள் வெளிச்சம் இருக்கும்போதே ஏறுங்கள் என்றார். அவனுக்கு என்னவாயிற்று என்று பிறகு தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மணி 2.45. மீதி இருந்தது 7 கிலோமீட்டரும் கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றமும். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வளைவு, இன்னொரு வளைவு. விளிம்பு தலைக்கு நேர்மேலே தெரியும், ஆனால் பக்கத்தில் வராது. 'மூன்று மைல் ஓய்விடம்', 'ஒன்றரை மைல் ஓய்விடம்' என்று இரண்டு கல் மண்டபம். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், ஒரு வாய் புளியோதரை, ஒரு மடக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர். புளியோதரையை விட நடைக்கு ஏற்ற சாப்பாடு உலகத்தில் இல்லை என்று இந்த மேடையிலிருந்து அறிவிக்கிறேன். உப்பு, எண்ணெய், சோறு, புளிப்பு, கெடாது. காசு போட்டு எனர்ஜி பார் வாங்குகிறார்கள்! எதிரே ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் அரை பாட்டிலோடு, சூரியன் மறைகிற நேரத்தில் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர்களையும் பார்த்தோம். இரண்டு பேரிடம் மணியைச் சொன்னோம். ஒருவர் திரும்பினார்.

6.10க்கு மேலே வந்தோம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, குளிர் திரும்ப ஆரம்பித்திருந்தது. பாதை முடிகிற இடத்தில் சுவர்மேல் அண்ணா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஃபிளாஸ்க். காலையில் 10.40க்கே மேலே வந்துவிட்டாராம். பஸ் பிடித்து இந்தப் பக்கம் வந்து, மத்தியானம் தூங்கி, ஃபில்டர் டிகாஷன் கலந்து வைத்திருந்தார். "வந்துட்டீங்களா, கால் எப்படி இருக்கு, தண்ணி இருந்துதா" என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். காபியை ஊற்றிக்கொண்டே கேட்டது ஒன்றுதான்.

"ஆங்கரேஜ் எடுத்தியா?"

எடுத்தேன். பாறைக்குள் வடங்கள் போய் மறைகிற இடத்தை நாலு கோணத்தில் எடுத்தேன். இப்போது திரையில் இருப்பது அதுதான். அண்ணா மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாலத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள், நார்த்தங்காயைப் பற்றி என்றால் என்னை.